பறக்கத் தெரியாத பெட்டை

"கொலை இல்ல, கொள்ளை இல்ல, ஊரை விட்டு ஓடின மாப்பிள்ளை கூட இல்ல. முட்டை, பாஸ். இந்த வயசுல நாம ரெண்டு பேரும் முட்டை தேடி அலையறோம்."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுருள் சொன்னான். தலை நிறையச் சுருட்டை முடி இருந்த காலத்தில் விழுந்த பெயர் அது. முடி எப்போதோ போய்விட்டது. பெயரும் வாயும் மட்டும் அப்படியே இருந்தன.

பக்கத்து இருக்கையில் துப்பறிவாளர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. முழங்கால் வலிக்காரருக்குக் காட்டுப் பாதையில் தூக்கம் வருமா? போன மாதம் முழுக்க ஒரு கடைக்காரரின் பங்காளியைப் பின்தொடர்ந்து நடந்ததில் வந்த வலி. பங்காளி கடைசியில் உத்தமன் என்று தெரிந்தது, வலி மட்டும் மிச்சமானது.

"முட்டைதான்," என்றார் கண்ணைத் திறக்காமல். "ஆனா அதுக்காக ஒரு அக்காவும் தம்பியும் பேசிக்கறதில்ல. சாயங்காலம் ஒரு பண்ணையையே கொளுத்தச் சொல்லி உத்தரவு எழுதப் போறாங்க. உனக்கு இது போதலையா?"

"போதும் பாஸ். ரத்தம் இல்லாத கேஸ்னா எனக்கும் சந்தோஷம்தான். ஷூவுக்குள்ள சேறு இல்லாம இருந்தா இன்னும் சந்தோஷம்."

விஷயம் இதுதான். எங்கிருந்தோ வந்த ஒரு அந்துப்பூச்சி சில வருஷங்களாக இந்தக் காட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதன் புழுக்கள் ஏறிய மரத்தில் இலை என்று ஒன்று மிஞ்சாது. வேடிக்கை என்னவென்றால் பெட்டைக்கு இறக்கை உண்டு, பறக்கத்தான் தெரியாது. கோடை முடிவில் அது பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஏறும். மரப்பட்டையோ, விறகோ, தோட்டத்து நாற்காலியின் அடியோ, அதற்கு எல்லாம் ஒன்று. முட்டைகளை மொத்தமாக இட்டு, தன் உடம்பு ரோமத்தையே மேலே அப்பிவிட்டுச் செத்துப்போகும். பார்க்கிறவர்களுக்கு ஒட்டிக் கிடக்கும் பழுப்புக் கம்பளித் துண்டு போலத் தெரியும். குளிர்காலம் முழுக்க அப்படியே இருந்து, குளிர் விட்டதும் பொரியும்.

பறக்காத பூச்சி ஊர் விட்டு ஊர் போகிறது என்றால் யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். அதனால் காட்டைச் சுற்றி ஒரு தடை எல்லை. எல்லைக்குள்ளிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும், வெளியில் கிடந்த சாமான் எதுவாக இருந்தாலும் புரட்டிப் பார்த்து, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த எல்லைக்கு வெளியே, ஒட்டினாற்போல் இருந்தது பண்ணைக்காரியின் நாற்றுப்பண்ணை. மரக்கன்று வளர்த்து விற்கிற பண்ணை. போன வாரம் அவளுடைய வாசல் வேலியில் முட்டைத் திட்டுகள் அகப்பட்டன. அவள் தம்பி போன குளிர்காலத்தில்தான் எல்லைக்குள்ளிருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, மனைவி, மகள், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் அக்காவிடம் வந்து சேர்ந்திருந்தான். அப்புறம் என்ன, எல்லாக் கையும் அவனைத்தான் காட்டியது. அவன் கொண்டுவந்த ஊஞ்சல் பெஞ்சில்தான் பூச்சி வந்திருக்க வேண்டும் என்று பேச்சு எழுந்ததும், பண்ணைக்காரி கொதித்துப்போய், "கொளுத்துடா அதை, இப்பவே கொளுத்து" என்று பூச்சித் தடுப்பு அதிகாரி கண்ணெதிரிலேயே கொளுத்த வைத்தாள். பயத்தில் செய்தது. அதிகாரி அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். உத்தரவு வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்து, துப்பறிவாளருக்கு ஆள் விட்டாள்.

தம்பியின் பழைய வீட்டைப் பார்த்துவிட்டு இப்போது இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஊஞ்சல் மாட்டின கொக்கி எங்க இருந்துச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"கூடத்துல. விட்டத்துல. நாலு பக்கமும் சுவர், ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை."

"பறக்கத் தெரியாத பெட்டை கதவைத் தட்டிட்டு உள்ள வந்து, ஊஞ்சல்ல ஏறி முட்டை போட்டிருக்குமா?"

"வீட்டுக்காரங்க விருந்தோம்பல் எப்படியோ, நாம யாரு பேசறதுக்கு?" என்றான் சுருள். "ஆனா அந்த அதிகாரி ஒத்துக்க மாட்டார் பாஸ். கொக்கியைக் காட்டினா, கோடையில அதைக் கழட்டித் தோட்டத்துல போட்டிருப்பாங்கன்னு சொல்லுவார். கேக்கறதுக்கு ஊஞ்சலும் இல்ல. நம்மாளே சாம்பலாக்கிட்டார்."

அது உண்மைதான். தன்னை விடுவித்திருக்கக்கூடிய ஒரே சாட்சியைத் தம்பி தன் கையாலேயே எரித்துவிட்டான். துப்பறிவாளருக்கு அவன் மேல் கோபம் கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பயந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

சோதனைச் சாவடியில் காவலாளி காகிதத்தை நீட்டினார். "வெளிய கிடந்த சாமான் ஏதாவது இருக்கா சார்?"

"ஒரு மரக்குதிரை," என்றான் சுருள். "குழந்தைங்க ஆடறது. பழைய வீட்டுத் தோட்டத்துல விட்டுட்டுப் போயிட்டாங்களாம். இப்ப குடியிருக்கற அம்மா, குழந்தைகிட்டக் குடுத்துடுங்கன்னு டிக்கில வெச்சாங்க."

"அடியில எல்லாம் பாத்தீங்களா?"

முழங்கால் தெறித்துக்கொண்டிருந்தது. இறங்கி, டிக்கியைத் திறந்து, குனிந்து பார்ப்பதை நினைத்தாலே துப்பறிவாளருக்கு மலைப்பாக இருந்தது. "பாத்தாச்சு," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கார் நகர்ந்ததும் சுருள், "எப்ப பாஸ் பாத்தீங்க?" என்றான்.

"வாயை மூடிட்டு ஓட்டு."

*

பண்ணை வாசலில் அதிகாரி காத்திருந்தார். பூச்சித் தடுப்பு அலுவலகத்துக்காரர். வில்லன் முகம் இல்லை. காலையிலிருந்து வேலி வேலியாக ஊர்ந்து திட்டு எண்ணிய மனிதர், சட்டைக் காலர் கறுத்திருந்தது. தோள்பையை எல்லைப் பலகையின் ஒரு மூலையில் மாட்டிவிட்டு, ஜீப்பின் பானெட் மேல் காகிதங்களைப் பரப்பியிருந்தார். பலகை பண்ணை வேலியை உரசிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றது. பெரிய எழுத்து: 'தடை எல்லை. பூச்சியைக் கடத்தாதீர். உங்கள் பொருள்களின் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள்.'

"இவ்வளவு பெரிய எழுத்துல என் மாமியார் கூட எனக்குப் புத்தி சொன்னதில்ல," என்றான் சுருள்.

பண்ணைக்காரி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். கை மண்ணைப் புடவையில் துடைத்தாள். தம்பி அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளியே நின்றான். அக்கா தம்பி இருவருக்கும் நடுவில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?" என்றாள்.

"கொக்கி கிடைச்சுது," என்றார் துப்பறிவாளர். கூடத்து விஷயத்தைச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். சுருள் சொன்னது போலவே, ஒத்துக்கொள்ளாமல் தலையை ஆட்டினார்.

"ஊஞ்சல் இல்லன்னா வேற சாமான் சார். லாரி இந்த வாசல்லதான் ரெண்டு நாள் நின்னுச்சு. ஷெட்டு காலியாகலைன்னு இவங்களே சொன்னாங்க. திட்டும் இந்த வாசல்லதான் அதிகம். உள்ள போகப் போக இல்ல. பொருத்தமாத்தானே இருக்கு?" பிறகு தம்பியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அன்னிக்குச் சாமானைப் புரட்டிப் பாத்தீங்களா?"

தம்பி தரையைப் பார்த்தான். "இல்ல சார். மழை. குழந்தைக்குக் காய்ச்சல். பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"பாருங்க," என்றார் அதிகாரி. வெற்றி பெற்ற குரல் இல்லை, களைத்த குரல். "பண்ணைக்காரங்களே கொண்டு வந்ததுன்னா கன்னு அத்தனையும் எரிக்கணும், லைசென்சும் போயிடும். வெளியிலேர்ந்து ஒட்டிக்கிட்டதுன்னு இருந்தா வாசல் பக்கத்தைச் சுத்தம் பண்ணி, மிச்சத்தைக் கண்காணிப்புல விட்டுடலாம். எனக்கு மட்டும் எரிக்க ஆசையா? ஆனா எதை வெச்சு மாத்தி எழுதறது?"

பண்ணைக்காரி திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு உள்ளே வரிசை வரிசையாகக் கன்றுகள் நின்றன. விதையிலிருந்து அவள் எழுப்பியவை. அவளுக்கு அழுகை வந்தது, தம்பி முன்னால் அழப் பிடிக்காமல் கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

துப்பறிவாளரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். வலித்த காலை நீட்டினார். கம்பத்தில் சாய்ந்து, ஏதாவது தோன்றாதா என்று கண்ணை மூடினார். ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் சும்மா இல்லாமல் கம்பத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரல் நின்றது. அங்கே மரம் சொரசொரப்பாக இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். கம்பத்தைச் சுற்றிலும் வளையமாக ஒரு கறை. கறைக்குக் கீழே மரம் கறுத்து, பொருக்குப் பொருக்காகச் சிவப்பு மண் அப்பியிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த தரையோ கரிசல்.

"சுருள், காலைல காட்டுல நாம மிதிச்ச சேறு என்ன கலரு?"

"என் ஷூவைப் பாத்தா தெரியலையா? செங்கல் கலரு. தேய்ச்சாலும் போகாது போல."

துப்பறிவாளர் அதிகாரியைப் பார்த்தார். "இந்த போர்டை எப்ப சார் நட்டீங்க?"

"எல்லையை இங்க தள்ளினப்ப. போன குளிர்காலம்."

"புதுசா செஞ்சு நட்டதா?"

"புதுசுக்கெல்லாம் எங்க சார் போறது? எல்லை நகர்ந்தா போர்டும் நகரும். பழைய எல்லையில பிடுங்கி, புது எல்லையில நடுவோம். எப்பவும் அப்படித்தான்."

"பிடுங்கினது காட்டுக்குள்ள. நட்டது வெளிய. நடுவுல சாவடி இருக்கே, அங்க யாராவது இதைப் புரட்டிப் பாத்தாங்களா?"

அதிகாரி சிரிக்கப் போனார். "போர்டை யாரு சார் சோதிப்பாங்க? சோதிக்கணும்னு சொல்றதே அதுதானே?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது.

"கையைக் குடு," என்றார் துப்பறிவாளர். சுருள் தூக்கிவிட்டான். பலகையின் முதுகு வேலிப் புதரோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைகிற இடைவெளிதான். சாலையில் போகிற எவருக்கும் அந்தப் பக்கம் தெரியாது. வேலியைச் சோதித்தவர்கள் வேலியைப் பார்த்தபடி, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நகர்ந்திருப்பார்கள்.

"என் தொப்பைக்கு இது நியாயமான வேலை இல்ல பாஸ்," என்று முனகிக்கொண்டே சுருள் நுழைந்தான். புதர் சலசலத்தது. பிறகு சத்தமே இல்லை. சுருள் பேசாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று துப்பறிவாளருக்குத் தெரியும்.

"என்னடா?"

"நிறைய இருக்கு பாஸ். குறுக்குச் சட்டத்துக்கு அடியில பூராவும். சிலது கெட்டியா இருக்கு. சிலது வெளிறிப்போய், தொட்டா மெத்துன்னு அமுங்குது. மேலெல்லாம் ஊசி குத்தின மாதிரி ஓட்டை."

அதிகாரி கையிலிருந்த பேனாவை ஜீப்பின் மேல் வைத்தார். தன் தோள்பையைப் பலகையிலிருந்து எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டைன்னா பொரிஞ்சாச்சு, இல்லையா சார்?" என்றார் துப்பறிவாளர்.

"ஆமா."

"உங்க தொழில், நீங்களே சொல்லுங்க. போன கோடையில இட்டது இன்னும் பொரியல. குளிர் விடணும். அப்ப பொரிஞ்சு முடிஞ்ச இந்தத் திட்டு எப்ப இட்டது?"

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். "அதுக்கு முந்தின கோடையில," என்றார் கடைசியில்.

"அப்ப இந்த போர்டு எங்க இருந்துச்சு?"

"காட்டுக்குள்ள."

"இவர் லாரி வந்துச்சா?"

"வரல."

அவ்வளவுதான். யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. தம்பி கேட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பண்ணைக்காரி பலகையின் முன்பக்க எழுத்துகளை முதல் தடவையாகப் படிக்கிறவள் போல உதடசைத்துப் படித்தாள். போன குளிர்காலத்திலிருந்து தினமும் காலையில் கேட்டைத் திறக்கும்போது அவள் கண்ணில் படுகிற பலகைதான்.

"அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும்," என்றாள். "அதுவே சொல்லிட்டு நின்னுருக்கு சார்."

"சொன்னவங்களை யாரும் சந்தேகப்படறதில்லம்மா," என்றான் சுருள், புதரிலிருந்து தலைமுடியே இல்லாத தலையில் இலையோடு வெளியே வந்து. "எங்க பாஸைத் தவிர. அவருக்கு உக்கார இடம் குடுத்தா யாரை வேணும்னாலும் சந்தேகப்படுவார்."

அதிகாரி பழைய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, புதுசு ஒன்றை எடுத்தார். எழுத ஆரம்பித்து நிறுத்தினார். "எல்லைக்கு மொத்தமா எத்தனை போர்டு இருக்கு தெரியுமா சார்," என்று யாரிடமோ போலச் சொன்னார். "எல்லாமே இப்படி நடந்து வந்ததுதான்." அவர் முகத்தைப் பார்க்கத் துப்பறிவாளருக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரையே அதட்டிக்கொண்டிருந்த ஒரு வேலை, அந்த நிமிஷத்தில் அவர் கையை விட்டு நழுவிப் போயிருந்தது. ஆனாலும் மனிதர் எழுதினார். பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை, வாசல் பக்கம் மட்டும் சுத்தம் செய்யப்படும், கன்றுகள் கண்காணிப்பில் என்று மறைக்காமல் எழுதினார்.

தம்பி மெதுவாக முன்னால் வந்தான். அதிகாரியிடம் இல்லை, அக்காவிடம் சொன்னான்.

"ஆனா நான் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன் அக்கா. அது பொய் இல்ல."



துப்பறிவாளருக்குச் சாவடியில் தான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். வாசலிலிருந்து ஐந்தடி தூரத்தில், கன்று வரிசைக்கு நேர் எதிரில் நின்றது கார்.

"சுருள், டிக்கியைத் திற."

சுருள் அன்றைக்கு முதல் தடவையாக எதிர்ப்பேச்சு பேசாமல் போனான். இருவருமாக மரக்குதிரையைத் தூக்கி நிமிர்த்தாமல் அப்படியே மல்லாத்தினார்கள். துப்பறிவாளர் வலித்த முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்தார். குதிரையின் வயிற்றுக்கு அடியில், ஆட்டுகிற வளைகட்டை சேருகிற மூலையில், பழுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அளவு. தொட்டுப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். எழுந்திருக்க முடியாததால் மட்டும் இல்லை.

"சார்," என்று அதிகாரியைக் கூப்பிட்டார். "இங்க ஒண்ணு இருக்கு. போன கோடை பூரா அந்தத் தோட்டத்துல கிடந்த குதிரை. இவங்க கொண்டு வரல. நான் கொண்டு வந்தேன். சாவடியில பாத்தாச்சுன்னு எழுதினது என் கையெழுத்து."

அதிகாரி வந்து பார்த்தார். துப்பறிவாளரைப் பார்த்தார். "உங்க மேல கேஸ் எழுதணுமே சார்."

"எழுதுங்க. போர்டைப் பத்தி எழுதின அதே காகிதத்துல, அதுக்குக் கீழ எழுதுங்க."

"பாஸ்," என்றான் சுருள் தாழ்ந்த குரலில். 

தம்பி குதிரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். "சின்னது இதைத் தேடித் தேடி அழுதுது," என்றான். "ஊஞ்சலும் போச்சு." பிறகு அதிகாரியிடம், "இதையும் எரிக்கணுமா சார்?" என்றான்.

"வேண்டாம். சோப்புத் தண்ணியில சுரண்டிப் போட்டாப் போதும். ஒண்ணு விடாம சுரண்டணும்."

பண்ணைக்காரி அதைக் கேட்டதும் ஒரு கணம் அசையாமல் நின்றாள். ஊஞ்சலையும் சுரண்டினால் போதும் என்று அவளிடம் போன வாரமே யாராவது சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம். வேகமாக உள்ளே போனாள். நுரை ததும்ப ஒரு வாளியையும் தேய்ந்த கத்தி ஒன்றையும் கொண்டுவந்து குதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். கத்தியைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தான். பழுப்புத் திட்டு துணுக்குத் துணுக்காக வாளியில் விழுந்தது. அவள் வாளியை நகர்த்தி நகர்த்திப் பிடித்தாள்.

"வளைகட்டைக்குக் கீழ பாத்தியாடா?"

"பாத்தேன் அக்கா."

"காதுக்குப் பின்னாடி?"

"பாத்தேன்."

"குடு," என்று அவள் அவன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். "நானும் ஒரு தடவை பாக்கறேன்."